பயப்பெட்டி

பயந்தவர்கள் போட்ட ஓட்டு செல்லாது என்று ஏழுமுனை நாட்டில் சட்டம் வந்த அன்று, தெருவில் இறங்கி மிட்டாய் கொடுத்தவர்களில் பிரிஸ்காவும் ஒருத்தி. அவள் கொடுக்காமல் வேறு யார் கொடுப்பது? அந்தச் சட்டத்தை நம்பி ஒரு இயந்திரம் செய்தார்கள். செய்த பொறியாளர்களில் அவளும் இருந்தாள்.

ஏழுமுனை சின்னத் தீவு நாடு. இருபது வருடத்துக்கு மேல் பட்டாளம் ஆண்டது. பட்டாளம் ஆண்ட காலத்திலும் தேர்தல் நடந்தது, அதுதான் கொடுமை. சாவடி வாசலில் துப்பாக்கியோடு ஒருவன் நிற்பான். உள்ளே போகிறவர்கள் நடுங்கிக்கொண்டே ஜெனரலின் சின்னத்தில் குத்திவிட்டு வருவார்கள். மறுநாள் பேப்பரில் மக்கள் ஏகமனதாக வாழ்த்தினார்கள் என்று கொட்டை எழுத்தில் வரும். கடைசியில் கஜானா காலியாகி, கப்பல்கள் டீசல் இல்லாமல் கரையில் நின்று, ஜெனரல்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டினார்கள். இடைக்கால அரசு வந்தது. இனி ஒருவனும் மிரட்டி ஓட்டு வாங்கக் கூடாது, வழி சொல்லுங்கள் என்று படித்தவர்களைக் கேட்டது. படித்தவர்கள் வழி சொன்னார்கள். அங்கேதான் வந்தது வினை.

இயந்திரத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் அச்சமானி. சனங்கள் வைத்த பெயர் பயப்பெட்டி. ஒவ்வொரு வேட்பாளரின் சின்னத்துக்குப் பக்கத்திலும் ஒரு கண்ணாடிப் பொத்தான் இருக்கும். அதில் விரலை வைத்தால் விரல்நுனியின் வேர்வையையும் நாடித்துடிப்பையும் ரத்தக்குழாய் சுருங்குவதையும் பெட்டி படிக்கும். பயமில்லை என்றால் பச்சை விளக்கு எரியும். விரலை எடுத்ததும் ஓட்டு பதிவாகிவிடும். பயம் இருந்தால் சிவப்பு. விரலை எடுத்ததும் அந்த ஓட்டு அழிந்துவிடும். மிரட்டி வாங்கிய ஓட்டு யாருக்கும் உதவாது என்றால் எவன் மிரட்டப் போகிறான்? கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

சோதனைக்கு வந்த ஆட்களை இருட்டறையில் உட்கார வைத்துப் பேய்ப்படம் போட்டார்கள், பாம்பைக் காட்டினார்கள், மொட்டைமாடி விளிம்பில் நிற்க வைத்தார்கள். எல்லாரும் கூலி வாங்கிக்கொண்டு பயந்தவர்கள். தொட்டார்கள், சிவப்பு எரிந்தது, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நிஜமாகவே பயந்தவன் அந்தப் பொத்தான் முன்னால் என்ன செய்வான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. இருபது வருடம் பயத்திலேயே சோறு தின்ற நாட்டில் இப்படி ஒரு மறதி!

இயந்திரம் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் அதைச் செய்தவர்களையே தேர்தல் அதிகாரிகளாகவும் போட்டார்கள். பிரிஸ்காவுக்குச் சொந்த ஊரான சங்குமுனைத் துறைமுகத் தொகுதி கிடைத்தது. அவளுக்குத் துணை அதிகாரி தவசீலன். பக்கத்து வீட்டில் வளர்ந்தவன். பிரிஸ்காவை அக்கா என்பான், அவள் மகள் எமில்டா அவனை மாமா என்பாள். நல்ல மனுஷன்தான், ஆனால் நாய் குரைத்தால் நாலு தெரு சுற்றிப் போகிற ஆள்.

சங்குமுனை என்றால் துரைசிங்கம் அண்ணாச்சி. துறைமுகத்தில் இறங்குகிற ஒவ்வொரு பொட்டலத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. பட்டாளம் இருந்தபோது மேஜர்களுக்கு விருந்து வைத்தார். பட்டாளம் போன மறுவாரம் ஜனநாயகத்துக்குத் தோரணம் கட்டினார். தேர்தலில் தன் மைத்துனன் கனகசபையை நிறுத்தினார். எதிர்த்து நின்றவள் பொன்னுக்கிளி, கருவாட்டு மார்க்கெட் பெண்கள் சங்கத்தின் தலைவி. அண்ணாச்சியின் ஆட்கள் கேட்ட மாமூலைத் தர மாட்டேன் என்றதற்கு அவள் வலது கையை ஒருமுறை உடைத்திருந்தார்கள். அது கோணலாகவே கூடிவிட்டது.

ஓட்டுப்போடும் நாளில் அண்ணாச்சி ஒருத்தரையும் மிரட்டவில்லை. மீன்காரத் தெருக்களில் மூலைக்கு மூலை அவருடைய ஆட்கள் வெள்ளைச் சட்டை போட்டுக் கைகட்டி நின்றார்கள், அவ்வளவுதான். வருகிறவர்களை விசாரித்தார்கள்.

"என்ன மைனி, ஓட்டு போடவா? நல்லா போடுங்க. உங்க சின்னவன் இப்ப ஐஸ் கம்பெனிலதான இருக்கான்? நைட் ஷிப்டு முடிஞ்சு தனியாவா வாரான்? பாத்து வரச் சொல்லுங்க."

இதில் போலீஸ்காரன் எதைப் பிடிப்பான்? அந்தத் தெருப் பெண்கள் உள்ளே போனார்கள், பொன்னுக்கிளியின் சின்னத்தைத் தொட்டார்கள், சிவப்பு எரிந்தது, நெருப்பைத் தொட்ட மாதிரி விரலை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். கனகசபைக்குச் சாதகமான தெருக்களில் மேளம் அடித்தது, பாயசம் ஊற்றினார்கள். அங்கே எல்லாம் பச்சை. சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது கனகசபை ஜெயித்திருந்தான். மீன்காரத் தெருக்களில் நாலில் மூன்று ஓட்டு காணோம்.

மறுநாள் பொன்னுக்கிளி அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், எங்க தெரு ஓட்டெல்லாம் எங்க போச்சு?"

"சிவப்பு எரிஞ்ச ஓட்டை பெட்டியே அழிச்சிரும். பயத்துல போட்ட ஓட்டு சொந்த ஓட்டு இல்லன்னு சட்டம்," என்றாள் பிரிஸ்கா. "யாராவது மிரட்டி வாங்கியிருப்பாங்கல்லா, அதனால."

"மிரட்டுனவனுக்குல்லா அந்த ஓட்டு போயிருக்கணும்? எங்க சனம் அவனுக்கா போட்டுது?"

"யாருக்குப் போட்டாங்கன்னு இனி தெரிஞ்சுக்க முடியாது."

"எனக்குத் தெரியும், கேளுங்க. பயந்துக்கிட்டே வீட்டைவிட்டு வந்தாங்க. பயந்துக்கிட்டே வரிசையில நின்னாங்க. பயந்துக்கிட்டே எனக்குப் போட்டாங்க. இதுக்கு உங்க படிப்புல என்ன பேரு மேடம்?"

பிரிஸ்காவுக்கு அந்தப் பெயர் தெரியும். தைரியசாலிக்கும் கோழைக்கும் விரல்நுனியில் ஊறுவது ஒரே வேர்வைதான். அவள் செய்த பெட்டிக்கு வேர்வை மட்டும்தான் தெரியும். பொன்னுக்கிளி போன பிறகும் வெகுநேரம் அவள் முகம் சுட்டுக்கொண்டே இருந்தது. மிரட்டுகிறவனிடமிருந்து சனங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவன் கையில் தானே ஒரு ஆயுதத்தைக் கொடுத்துவிட்டதை அப்போதுதான் முழுசாக உணர்ந்தாள்.

சரி செய்ய ஒரு வழி இருந்தது. அந்த வார முடிவுக்குள் அதிகாரி நகரசபை மண்டபத்தில் ஊரறிய, டிவி கேமரா முன்னால், முடிவுக்குக் கையெழுத்து வைக்க வேண்டும். 'ஏற்கிறேன்' என்று ஒரு பொத்தான், 'மறுவாக்கு' என்று ஒரு பொத்தான். அதிகாரியையும் யாரும் மிரட்டிவிடக் கூடாதே, அதனால் அதுவும் பயப்பெட்டிதான். மறுவாக்கு என்று வைத்தால் போதும், தேர்தல் திரும்ப நடக்கும்.

அலுவலகத்தில் இருந்த உபரிப் பெட்டியில் பிரிஸ்கா தொட்டுப் பார்த்தாள். மறுவாக்கைத் தொட்டாள், சிவப்பு. சும்மா ஏற்கிறேனைத் தொட்டாள், அதுவும் சிவப்பு. காரணம் அவளுக்குத் தெரியும். தலைநகரத்தில் நர்ஸிங் படிக்கும் எமில்டா இரண்டு நாளுக்கு முன்னால் போனில் சிரித்துக்கொண்டே ஒன்று சொல்லியிருந்தாள்: "அம்மா, ஹாஸ்டலுக்கு எதிர்த்த டீக்கடையில ரெண்டு பேரு. தெனமும் எனக்கு டாடா காட்டுதாங்க. யாருன்னே தெரியல."

அன்றிலிருந்து பிரிஸ்காவுக்கு எதைத் தொட்டாலும் சிவப்புதான். அவள் தொட்டுப் பார்ப்பதைத் தவசீலன் கதவோரம் நின்று பார்த்தான். பார்த்தவன் சும்மா இருந்திருக்கலாம். மாலையில் அண்ணாச்சியின் ஆள் வந்து தோளில் கைபோட்டு என்ன விசேஷம் என்று கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அடுத்த நாள் காப்பி நேரத்துக்கு அண்ணாச்சியே பிரிஸ்காவின் வீட்டுக்கு வந்தார். தனியாக வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"ஏம்மா, உனக்கு ரெண்டு பக்கமும் சிவப்பு எரியுதாமே?"

அவள் காப்பி டம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

"எனக்கு இது பெரிய சங்கடம். ஞாயித்துக்கெழமை மந்திரிகள் பதவி ஏக்காங்க. துறைமுகம் கனகுக்குன்னு பேசி முடிச்சாச்சு. அதுக்குள்ள உன் கையெழுத்து பச்சையில வேணும். நீ முடியாதுன்னா தவசீலன். அவன் என்னைப் பாத்தாலே சிவப்பு. அவனும் இல்லன்னா தலைநகரத்துலேந்து புதுசா ஒருத்தன் வருவான். அவன் யாரு என்னன்னு விசாரிச்சு, மொதல்ல பயப்படுத்தி, அப்புறம் பயத்தை எடுத்து... எவ்வளவு வேலை சொல்லு!"

"இப்ப என்ன செய்யச் சொல்லுதீங்க?"

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். நான் செஞ்சுட்டேன். டீக்கடைப் பயலுகளை எடுத்துட்டேன். மகளுக்குப் போன் போட்டுக் கேளு. இனிமே உன் பிள்ளை என் பிள்ளை. அவ படிச்சு முடிச்சதும் துறைமுக ஆஸ்பத்திரியில வேலை. இதை மிரட்டலா சொல்லல, வாக்கா சொல்லுதேன். பயம் போயிட்டுதா?"

கூச்சமாக இருந்தது பிரிஸ்காவுக்கு. ஏனென்றால் பயம் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கிழவர் சொன்னால் செய்வார் என்று ஊருக்கே தெரியும். நல்லதோ கெட்டதோ, வாக்கு மாற மாட்டார். அந்த நிம்மதியில்தான் அவளுக்குப் பேச வந்தது.

"பயம் போயிட்டுன்னா மறுவாக்குல வச்சாலும் பச்சை எரியுமே அண்ணாச்சி?"

அண்ணாச்சி சிரித்தார். கோபமில்லாத, சந்தோஷமான சிரிப்பு.

"வச்சுப் பாரேன். விரலு அந்தப் பக்கம் போகும்போதே உனக்கு மக ஞாபகம் வரும். டீக்கடை ஞாபகம் வரும். நான் ஒண்ணும் செய்யவே வேண்டாம். நான் சொன்ன பக்கம் பச்சை, சொல்லாத பக்கம் சிவப்பு. பட்டாளத்துக்காரன் துப்பாக்கி வச்சுக்கிட்டு இதைச் செய்யப் பாத்தான், முடியல. நீ ஒரு பெட்டியில செஞ்சிட்ட. கெட்டிக்காரி!"

காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரை அவரே எடுத்துக்கொண்டு போய்க் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் எமில்டா போனில் சொன்னாள், டீக்கடையில் யாரும் இல்லை என்று. பிரிஸ்கா உபரிப் பெட்டியில் திரும்பத் தொட்டுப் பார்த்தாள். ஏற்கிறேன், பச்சை. அழகான இளம் பச்சை. அதைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். மறுவாக்குப் பக்கம் விரல் போனது, எமில்டாவின் முகம் வந்தது, சிவப்பு. விரலை இழுத்துக்கொண்டாள். கிழவர் சொன்னது அப்படியே நடந்தது.

வெள்ளிக்கிழமை நகரசபை மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் பெட்டி. ஒரு பக்கம் மேற்பார்வைக்கு வந்த ஓய்வுபெற்ற நீதிபதி, இன்னொரு பக்கம் வேர்த்து ஒழுகும் தவசீலன். முதல் வரிசையில் கனகசபை பட்டு வேட்டியில் இருந்தான். பக்கத்தில் அண்ணாச்சியும் அவருடைய வக்கீலும். அந்தக் கோடியில் பொன்னுக்கிளி, கோணல் கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். பிரிஸ்காவை அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஏதாவது நடக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை என்பது தெரிந்தது.

பிரிஸ்கா மேடைக்கு வரும்போது ஒரு முடிவோடுதான் வந்தாள். அது வீரமான முடிவு ஒன்றும் இல்லை. தன் பெயரில் பச்சை எரிந்து ஊர் பார்ப்பதை அவளால் சகிக்க முடியாது. மறுவாக்கைத் தொடுவோம், சிவப்பு எரியும், செல்லாது. செய்யப் பார்த்தேன், முடியவில்லை என்று ஆகிவிடும். அதிகாரம் தவசீலனுக்குப் போகும், பிறகு அவன் பாடு அண்ணாச்சி பாடு. இப்படி ஒரு நழுவல். தொட்டு எடுக்க ஒரு நொடி ஆகுமா?

தொட்டாள். சிவப்பு எரிந்தது. மண்டபத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது.

விரலை எடுக்க வேண்டும். எடுக்க முடியவில்லை. தைரியத்தில் அல்ல, பிற்பாடு ஊரில் வேறு மாதிரி கதை கட்டினார்கள், அதனால் இதைச் சொல்லியாக வேண்டும். பயத்தில் அவள் கை தோள் வரைக்கும் மரத்துப்போயிருந்தது. அந்தப் பொத்தானைத் தொட்டுவிட்டாள், அண்ணாச்சி பார்த்துவிட்டார், இனி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தொட்டது தொட்டதுதான் என்று அவள் மூளைக்கு உறைத்த கணத்தில் உடம்பு நின்றுபோய்விட்டது.

"சிவப்பு எரிஞ்சாச்சு. விரலை எடுக்கச் சொல்லுங்க," என்றார் வக்கீல்.

நீதிபதி விதிகளைப் புரட்டினார். "தொட வேண்டும் என்றுதான் இருக்கிறது. எவ்வளவு நேரம் என்று இல்லை," என்றார். "விரல் எடுக்கும்போது என்ன நிறமோ, அதுதான் கணக்கு."

அண்ணாச்சி எழுந்து வந்தார். மேடையில் ஏறி, அக்கறையாகக் குனிந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"எமில்டா இன்னைக்கு மஞ்சள் சுடிதாரு போட்டிருக்கா."

வாக்கு மாறாத மனுஷன்! சிவப்பு இன்னும் அழுத்தமாக எரிந்தது. மறுவாக்கு அழிய அவருக்கு இப்போது அதுதான் வேண்டியிருந்தது. திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிரிஸ்காவின் மனதில் எல்லாம் நடந்தது. டீக்கடைக்காரர்கள் தெருவைக் கடந்தார்கள். மஞ்சள் சுடிதார் மண்ணில் கிடந்தது. ஆஸ்பத்திரி வராந்தா, வெள்ளைத் துணி, கல்லறைத் தோட்டத்து ஈர மண், அத்தனையையும் கடைசிவரை பார்த்தாள். முடிந்ததும் பயம் முதலிலிருந்து ஆரம்பித்தது. அதே தெரு, அதே சுடிதார். மூன்றாம் முறையும் அதுவே வந்தது. மண்டபத்தில் யாரோ இருமினார்கள். நாலாம் முறை வெள்ளைத் துணி வரும்போது தன் முதுகு வலிப்பதை அவள் கவனித்தாள். பெட்டியின் மேல் ஒரு ஈ நடந்துபோனது. பயம் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கும் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மகள் மேல் உள்ள பாசம் குறையவில்லை. நடக்கப்போவது நடக்காது என்ற நம்பிக்கையும் வரவில்லை. உடம்புக்கு நடுங்க இனி சக்தி இல்லை, அவ்வளவுதான். அழுது முடித்த குழந்தைக்கு வருமே ஒரு அமைதி, அது வந்தது.

தவசீலன்தான் முதலில் பார்த்தான். "அக்கா," என்றான் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரலில். "அக்கா, பச்சை."

பிரிஸ்கா விரலை எடுத்தாள். மறுவாக்கு பதிவானது. பயப்பெட்டியைச் செய்தவர்களுக்கே தெரியாத ஒன்று அன்றைக்குத் தெரிந்தது: பயம் களைத்துப்போகும். சோதனை அறையில் ஒருவரும் அதுவரை விரலை வைத்துக்கொண்டு நின்றதில்லை.

எமில்டாவுக்குப் போன் போட்டாள். மண்டபத்திலிருந்தே போட்டாள். ஹாஸ்டலை விட்டு வெளியே வராதே என்று சொல்லத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எமில்டா அப்போது கல்லூரி வாசலில் தெருவைக் கடந்துகொண்டிருந்தாள். நம்பர் பலகை இல்லாத வேன் ஒன்று அவளை இடித்துவிட்டுப் போனது. உயிர் பிழைத்தாள். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு அண்ணாச்சி பெயரில் ஒரு பழக்கூடை வந்தது.

பிரிஸ்காவை மருத்துவ விடுப்பில் அனுப்பிவிட்டு, மறுவாக்குக்குத் தவசீலனை அதிகாரியாகப் போட்டார்கள். அவனைவிட வசதியான ஆள் அண்ணாச்சிக்குக் கிடைத்திருக்க மாட்டான்.

மறுவாக்கு நாளன்று பிரிஸ்கா மகளின் கட்டில் பக்கத்தில் இருந்தாள். எமில்டா ஒரு வாரமாகத் தாயோடு பேசவில்லை. நர்ஸ்களிடம் பேசினாள், பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் பேசினாள். அன்று மத்தியானம் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தபோது, வாங்காமல் சொன்னாள்:

"நீ கையை எடுத்திருக்கலாம்லா."

"எடுக்க முடியல பாப்பா. மரத்துப்போச்சு."

"மொதல்ல முடியல, சரி. அவரு வந்து உன் காதுல சொன்ன பிறகும் அவ்வளவு நேரம் நின்னிருக்க. டிவியில எல்லாரும் பாத்திருக்காங்க. ஊருக்காக நின்னியாம், பெருமையா சொல்லுதாங்க." அவள் போர்வையைப் பார்த்தாள், ஒரு கால் மேடாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருந்ததை. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாம்மா? போனது என் காலு."

கேட்கவில்லைதான். கேட்டிருந்தால் மகள் என்ன சொல்லியிருப்பாள் என்பதும் தெரியவில்லை. உரித்த ஆரஞ்சு கையிலேயே இருந்தது.

நாலரை மணிக்குத் தவசீலன் போன் செய்தான்.

"அக்கா, வரிசை நகரவே இல்ல."

"தடுத்துட்டாங்களா?"

"யாரும் தடுக்கல. மீன்காரத் தெரு சாவடியில காலையில உள்ள போனவங்க வெளிய வர மாட்டேங்காங்க. விரலை வச்சா எடுக்க மாட்டேங்காங்கக்கா! சிவப்பு எரியுது, நிக்காங்க. ஒருத்தி அழுதுக்கிட்டே நின்னா. ஒருத்தி செபமாலை சொல்லிக்கிட்டே நின்னா. அரைமணி, முக்கா மணி ஆவுது ஒரு ஆளுக்கு. பச்சை வந்தப்புறம்தான் எடுக்காங்க. வெளிய வரிசை மார்க்கெட்டைச் சுத்தி கடற்கரை வரைக்கும் நிக்குது. ஒருத்தரும் வீட்டுக்குப் போகல."

"அண்ணாச்சி ஆளுங்க?"

"மூலைக்கு மூலை நிக்காங்க. வெயில்ல நின்னு அவங்களும் வாடிட்டாங்க." தவசீலன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "அஞ்சு மணிக்கு மூடணும்க்கா. மூடுனா முக்காவாசிப் பேரு ஓட்டு போட முடியாது. நாளைக்கும், அதுக்கடுத்த நாளும் நடத்தணும்னா அதிகாரி பெட்டியில கையெழுத்து வைக்கணும். மூடிருன்னு அண்ணாச்சி சொல்லி அனுப்பியிருக்காரு. என் பொண்டாட்டி பேரைச் சொல்லி நலமான்னு கேட்டாராம்."

பிரிஸ்கா வாயைத் திறந்தாள். வை தவசீலா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. போர்வையின் தட்டையான பக்கம் கண்ணில் பட்டது. இன்னொருத்தன் வீட்டில் இன்னொரு கட்டிலைப் போடச் சொல்ல அவள் யார்? மூடிவிடு என்றும் சொல்ல முடியவில்லை.

"நான் என்ன சொல்லட்டும் தவசீலா," என்றாள். "நான் சொல்ல மாட்டேன். உன் இஷ்டம்."

"நான் கேக்கலக்கா. வச்சிட்டேன். வச்சிக்கிட்டுத்தான் பேசுதேன். இடது கையில போன், வலது கை பெட்டியில இருக்கு." அவன் மூச்சு வாங்குவது கேட்டது. "சிவப்பாத்தான் இருக்கு. நான் செஞ்சதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் அன்னைக்கு அவங்கிட்ட சொல்லாம இருந்திருந்தா... அது இருக்கட்டும். எனக்குப் பயமா இருக்குக்கா. தனியா நிக்க முடியல. போனை வச்சிராதீங்க. ஏதாவது பேசிக்கிட்டு இருங்க."

பிரிஸ்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பேச வேண்டும், ஒரு சொல் வரவில்லை. போனில் அவன் மூச்சு மட்டும் கேட்டது, விட்டு விட்டு, ஓடிவந்தவன் மூச்சு மாதிரி.

போனில் பேசியது எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த எமில்டா கையை நீட்டினாள். தாயின் முகத்தைப் பார்க்காமலே போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"மாமா, நான் எமில்டா. என்ன நிறம் இருக்கு?"

"சிவப்பு பாப்பா."

"சரி. சாப்டீங்களா?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு. எடுத்துராதீங்க," என்று சொல்லி அவள் தலையணையில் சாய்ந்துகொண்டாள். "இந்த ஆஸ்பத்திரி சாம்பாரைப் பத்திச் சொல்லுதேன், கேளுங்க."